கருங்குருவிக் கூட்டுக்கு எதிரே முப்பத்தொன்பது நாள்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "கங்காணி, அங்க என்னதான் செஞ்சாங்க?" நெஞ்சில் ஊசி போட்டார்கள் என்று சொன்னால் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். காசமில்லை என்று சொன்னால் இரண்டடி தள்ளி நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மூச்சு வாங்குகிறது. ஆகவே எழுதி வைக்கிறேன். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாசித்துக் காட்டட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் வேலாயுதம். நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்துக் கங்காணி. தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை அதை இடுப்பளவுக்குக் கீழே வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. கத்தி பிடித்த முப்பது ஆட்கள் என் சொல்லுக்குக் கீழே. நல்லவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. வேலை தெரிந்தவன் என்பார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாசி மாதம் மலையில் நிற்கும்போது இடப்பக்க விலாவில் குத்தியது. பிறகு மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தியது. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சர் மூன்று வாரம் ஒரே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, நான் படியேற முடியாமல் உட்கார்ந்த பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். ரயிலில் என் மனைவி செல்லம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு போனேன். முப்பது ஆட்களை அதட்டியவன் பெண்பிள்ளையின் தோளில் சாய்ந்து போவதை ஸ்டேஷனில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த எரிச்சல் விலாக்குத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஆஸ்பத்திரி கண்டி டவுனுக்கு மேலே, ஹந்தானைச் சரிவில். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பே வராத முகம். என் முதுகில் ஒரு கை விரலை வைத்து மறுகை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். மேலே தட்டும்போது வெறும் பானைச் சத்தம். கீழே வந்ததும் நிறைகுடத்தைத் தட்டியதுபோல மொத்தென்றது. எனக்கே கேட்டது.

"நுரையீரலைச் சுத்தி ரெண்டு சவ்வு இருக்கு. அதுக்கு நடுவிலை தண்ணி கட்டியிருக்கு," என்றார். "ஊசியாலை எடுப்பம். திரும்பக் கட்டாட்டில் நீர் தப்பினீர்."

"கட்டினா?"

"அப்ப இது காசம் எண்டுதான் எடுக்க வேணும். காச ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுவன்."

எங்கள் தோட்டத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் குடியிருந்த காம்பராவையும் அந்த வாரமே வெள்ளையடித்து வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். ஒருவன் உயிரோடு திரும்பி வந்தான். வந்து, தன் பெண்டாட்டி எந்த ஊருக்குப் போனாள் என்று அடுத்த காம்பராவில் விசாரித்துக்கொண்டு நின்றான். அவன் முகம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. வேலை, காம்பரா, செல்லம்மா, எல்லாம் அந்த ஒரு தண்ணீரைப் பொறுத்து இருந்தது.

என்னைக் கதிரையில் திருப்பி உட்காரவைத்து, அதன் முதுகைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி இறங்கியது. வலி என்றால் வலிதான், அதை விவரித்து யாருக்கு என்ன லாபம்? வெறுந்தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இரண்டு போத்தல் தண்ணீர் வந்தது. இந்த நோய்க்கு மருந்தென்று ஒன்றும் கிடையாது. முட்டை, பால், வெயில், காற்று, படுக்கை. டாக்டர் கடைசியைத்தான் அழுத்திச் சொன்னார்.

"மல்லாக்கக் கிடவும். ஒண்டுக்குப் போறதும் கட்டிலிலைதான். எழும்பி நடந்தனீர் எண்டு கேள்விப்பட்டால், தண்ணி கட்டுதோ இல்லையோ, உம்மை இங்கை வைச்சிருக்க மாட்டன்."

நெஞ்சு நோயாளிகளை விறாந்தையில் போடுவது அங்கே வழக்கம். விறாந்தையில் இரண்டே கட்டில்கள். மற்றதில் கிடந்த மனிதரைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. யூசுப் நானா. முன்பு தோட்டம் தோட்டமாகத் துணி மூட்டை சுமந்து வந்து விற்றவர். வெளியாள் லயத்துக்குள் வரக் கூடாது என்று துரை சொன்னபோது, அதை நிறைவேற்றியவன் நான். வாயால் சொல்லியிருந்தால் போதும். நான் மூட்டையைத் தூக்கி லயத்தோரத்து வடிகால் கானுக்குள் எறிந்தேன். மழைக்காலம், கானில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் சிரித்தார்கள். அதற்காகத்தான் எறிந்தேன் என்பதை இப்போது எழுதலாம்.

இப்போது அவருக்கு ஈளை. நாலு தலையணையில் சாய்ந்து, ஊதுகுழல் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூச்சை நிறுத்தி, பிறகு விட்டார்.

"மூட்டைய கான்ல வீசின கங்காணிதானே?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்டுமில்ல. ஆள் சரியா எண்டு பாத்தேன்."

அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

விறாந்தைக்கு எதிரே ஒரு சின்னத் தோட்டம். அதன் நடுவில் என் கண்ணை உறுத்திய ஒரு பொருள் நின்றது: இருபது வருடமாவது கத்தி படாத ஒரு தேயிலை. ஆள் உயரத்துக்கு மேலே மரமாக வளர்ந்து, உள்ளே காய்ந்த குச்சியும் பாசியுமாக அடைத்துக்கிடந்தது. அதை அப்படி விட்டவன் என் ஆளாக இருந்தால் அரைநாள் கூலியை வெட்டி அரைப்பேர் போட்டிருப்பேன். பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. அந்தத் தேயிலையின் கவட்டில்தான் கருங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தது.

மலைப்பக்கத்து ஆட்களுக்கு அந்தக் குருவியைத் தெரியும். ஆண் கரிக்கட்டை நிறம், மூக்கும் கண்ணோரமும் காலும் மஞ்சள். பெண் மங்கல், அழுக்குத் துணி மாதிரி. வேலை முழுவதும் பெண்ணுடையது. பாசியைக் கொண்டுவரும், வேரைக் கொண்டுவரும், நனைந்த மண்ணைக் கொண்டுவரும். உள்ளே உட்கார்ந்து நெஞ்சால் அழுத்திச் சுற்றிச் சுற்றி வரும், கிண்ணம் வனைவதுபோல. ஆண் கூரை முகட்டில் நின்று சத்தம் போடும். பக்கத்தில் வந்த எதையும் விடாது. அணிலை அடித்தது, கொண்டைக்குருவியை அடித்தது, டாக்டர் அறைக் கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு அதையும் காலை முழுக்க அடித்தது. எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

"வேல செய்றது பொண்டாட்டி. மேல நிண்டு ஏசுறது இவரு," என்றார் நானா, கூரையைப் பார்த்தபடி. "கங்காணி உத்தியோகம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை, செல்லம்மா வந்திருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போதாக்குறைக்கு, எனக்கென்று கொண்டுவந்த தோடம்பழத்தில் இரண்டை எடுத்து அவர் கட்டிலில் வைத்தாள்.

"அந்தாளுக்கு எதுக்கு?" என்றேன்.

"ஏங்க, நான் கட்டியிருக்கிற சேலையே அவருகிட்ட வாங்கினதுதான். நீங்க எறிஞ்ச மூட்டையில இருந்தது. மறுநாள் ரோட்டுல வச்சு வாங்கினேன்." முந்தானையை விரித்துக் காட்டினாள். கரையோரம் செம்மண் கறை இன்னும் இருந்தது. "டாக்டர் ஒங்களுக்கு நெஞ்சுல தண்ணிங்கிறாரு. எனக்கென்னமோ நாக்குல விஷமுன்னுதான் தோணுது."

ஒவ்வொரு ஞாயிறும் அவள் ரயிலேறி, மலையேறி வந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்ததில் பாதி அந்தக் கட்டிலுக்குப் போனது. கோபப்பட்டேன். ஆனால் அவள் இறங்கிப் போகும்போது வளைவு திரும்பும்வரை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதற்கும் டாக்டர் ஏசினார்.

பத்தாம் நாள் மறுபடி தட்டிப் பார்த்து, மறுபடி ஊசி. இந்தத் தடவை அரைப் போத்தல். "இன்னொருக்கால் கட்டினால் எழுதிவிடுவன்," என்றார். அன்று முதல் என் வேலை இரண்டே: சாயங்காலம் காய்ச்சல் ஏறுகிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது, கூட்டைப் பார்ப்பது. பெண்குருவி அடையில் உட்கார்ந்திருந்தது. அதுவும் அசையக் கூடாது, நானும் அசையக் கூடாது. பதின்மூன்று நாள் அது மழையிலும் எழும்பவில்லை. எனக்கு அத்தனை பொறுமை இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

முட்டை பொரிந்த அன்று நானா ஈளையையும் மறந்து எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் ஆண் முதல்முறையாகக் கூரையை விட்டிறங்கி, வாயில் புழுவோடு கூட்டுக்குப் போனது. பண்டா போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு விரல்களைக் காட்டினான். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்து, தோட்டத்தையும் பார்க்கிற சிங்களவன் அவன்.

"ரெண்டும் பறக்க மட்டும் நான் இங்க ஈக்கணும்," என்றார் நானா. என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். "மகன் கூட்டிட்டுப் போக வந்தான். பறந்த பொறகு வாடா எண்டு அனுப்பிட்டேன்."

குருவிக்காக ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியம் என்று நினைத்தேன். ஆனால் அவர் குஞ்சுக்குத் தீனி வருகிற தடவைகளை விரலால் எண்ணும்போது நானும் என் போர்வைக்குள் எண்ணினேன். இரண்டு பேர் கணக்கும் ஒத்துவராவிட்டால் சண்டை. "பதினாலு," என்பார். "பதினஞ்சு. நீங்க இருமினப்ப ஒண்ணு வந்துச்சு," என்பேன். ஒரு நாள் முழுக்க இதே.

குஞ்சு பொரிந்து ஐந்தாம் நாள் சித்திரை மழை பிடித்தது. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் இருட்டும்வரை. மூன்று நாள் அப்படியே. அந்த அடைசல் செடிக்குள் மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தது. பெண்குருவி சிறகை விரித்து மூடிக்கொண்டு ஊறிப்போய் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை. செடியின் நோயெல்லாம் ஈரத்தில் வருவது. நடுவைத் திறந்துவிட்டால் வெயில் இறங்கும், நோய் போகும். கத்தி பிடித்த முதல் நாளிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டதும், நான் முப்பது பேருக்குக் கத்திச் சொன்னதும் அதுதான். டாக்டர் என்னை விறாந்தையில் போட்டதும் வெயிலுக்கும் காற்றுக்கும்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அந்தச் செடிய நடுவுல திறந்து விடணும். குஞ்சு ஊறிச் சாகப்போகுது," என்றேன்.

நானா திரும்பினார். "தொடவாணாம். அதுக்குத் தெரியும் எங்க கட்டுற எண்டு."

"செடியப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?"

"குருவியப் பத்திச் செல்றேன்."

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் கிடந்திருப்பேனோ என்னவோ. மறுநாள் காலை மழை விட்டிருந்தது. நானாவை ஆவி பிடிக்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். பண்டா தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். மேலே குறுக்கே கிடக்கிற கிளைகளை எடு என்று அவனிடம் சொன்னேன். அவன் கத்தியை வைத்து மரத்தைக் கொத்துவதுபோலக் கொத்தினான். பட்டை கிழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியவில்லை.

இருபத்தைந்து நாளுக்குப் பிறகு கால் தரையில் பட்டது. தலை சுற்றியது. பண்டா, "எப்பா, எப்பா! வேண்டாம் கங்காணி, டாக்டர் ஏசும்!" என்று ஓடிவந்தான். கத்தியைப் பிடுங்கினேன். பிறகு என் கைக்கு நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. காய்ந்த குச்சி, குறுக்குக் கிளை, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்த இலைக்கொத்து, ஒவ்வொன்றும் ஒரே வெட்டு, சாய்வாக, பட்டை நசுங்காமல். ஆண்குருவி என் தலையில் இரண்டு முறை இறங்கி அடித்தது. நன்றிகெட்ட பயல் என்று சிரித்தேன். கூட்டைத் தொடவில்லை. நடுவைத் திறந்துவிட்டு வந்து கட்டிலில் விழுந்தபோது வெயில் நேரே கூட்டுக்குள் இறங்கியிருந்தது. இரண்டு மஞ்சள் வாய்கள் மினுங்கின. நோயாளியான பிறகு முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

நானா திரும்பி வந்து, வெள்ளையாகத் தெரிந்த வெட்டுமுனைகளைப் பார்த்தார். கட்டிலில் உட்காரவில்லை. விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். ஏன் நிற்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானச் சோறு வருவதற்குள் அண்டங்காக்கை வந்தது. முன்பெல்லாம் அது கூரையில் உட்கார்ந்து போய்விடும். செடிக்குள் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. இப்போது மேலிருந்தே தெரிந்தது. வெட்டித் திறந்த வழியால் நேரே இறங்கியது. இரண்டு குருவிகளும் கத்திக்கொண்டு அதன் மேல் விழுந்தன. ஆண் அதன் தலையிலேயே உட்கார்ந்து கொத்தியது. நானா கையைத் தட்டினார், கத்தப்பார்த்தார், மூச்சுத்தான் சீறியது. நான் தண்ணீர்க் கோப்பையை எறிந்தேன். பாதி தூரத்தில் விழுந்தது. காக்கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அவசரமில்லாமல் திரும்பி வந்து மற்றதையும் தூக்கியது.

அன்று சாயங்காலம் என் கழுத்து சுட்டது. மறுநாள் காலை டாக்டர் வந்து காய்ச்சல் துண்டைப் பார்த்தார். முதுகைத் தட்டினார். வெறும் பானையா நிறைகுடமா என்று என்னால் கேட்க முடியவில்லை. என் காதுக்குள் இரத்தம் அடித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மந்தமாக் கிடக்கு. எழும்பினனீரோ?"

"இல்லீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். கங்காணி ஒருவன் படுத்திருக்கிற விறாந்தைக்கு எதிரே, கவ்வாத்து மலையில்கூடக் காணமுடியாத சுத்தத்தோடு வெட்டிய ஒரு தேயிலை நின்றது. தூணோரம் பண்டா துடைப்பத்தோடு ஒதுங்கி நின்றான்.

"ஆர் உந்தத் தேயிலையை வெட்டினது?"

யூசுப் நானா என்னைப் பார்த்தார். ஒரு வாய்ச்சொல் போதும். என் காம்பராவுக்கு அந்த வாரமே வெள்ளையடித்து விடலாம். கானில் மிதந்த மூட்டை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

"நான்தான் டொக்டர்," என்றார். "பண்டாட்ட செல்லி வெட்ட வச்சேன். மூச்சுக்குக் காத்து வரட்டுமெண்டு. கங்காணி எழும்பல்ல, படுத்த கட்டில்லதான் ஈந்த."

டாக்டர் பண்டாவை ஏசினார், நானாவையும் ஏசினார். என்னைப் பார்த்து, "இன்னும் பத்து நாள் பாப்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "எதுக்கு நானா பொய் சொன்னீங்க?" என்றுதான் கேட்க வந்தது.

"ஒங்களக் காப்பாத்தினேன் எண்டு நெனைக்க வாணாம்." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்தார். "அனுப்பினா தப்பிச்சிருவீங்க. பொறகு இந்தக் கூட்ட நான் மட்டுந்தான் பாக்கணும். நீங்களும் கெடந்து பாருங்க."

அப்போது ஆண்குருவி வந்தது. வாயில் புழு. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே குனிந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தது. மறுபடி குனிந்தது. பிறகு புழுவைத் தானே விழுங்கிவிட்டுப் போனது.

"பாத்தீங்களா?" என்றார் நானா.

அன்றும் மறுநாளும் அது வந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டால், "கங்காணி, வந்திட்டு. பாருங்க," என்பார். போர்வையை இழுத்து மூடினால் காத்திருந்து, மெதுவாக, மரியாதையாகச் சொல்வார். ஒரு தடவையும் குரலை உயர்த்தவில்லை. முப்பது ஆட்களை நான் எத்தனையோ விதமாகத் தண்டித்திருக்கிறேன்; இப்படி ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் குருவி வரவில்லை. அன்றைக்கும் அவர் கூப்பிட்டார். "இப்ப வார நேரம்," என்றார்.

பத்து நாள் முடிந்து டாக்டர் தட்டினபோது கீழேவரை வெறும் பானைச் சத்தம். தண்ணீர் கட்டவில்லை. காய்ச்சல் ஒரு வாரமாக இல்லை. முப்பத்தொன்பதாம் நாள் செல்லம்மா வந்து என் துணிகளை மூட்டை கட்டினாள். நானாவின் மகனும் மறுநாள் வருவதாக இருந்தது. பறப்பதற்கு இனி ஒன்றும் இல்லையே.

வாசல்வரை போனவன் திரும்பி அவர் கட்டிலருகே போய் நின்றேன். செல்லம்மா என் மூட்டையோடு பின்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்கிற சொல் ஒன்றும் என் வாயில் பழகியிருக்கவில்லை. பழையதிலிருந்து தொடங்கினால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"நானா, அன்னைக்கு அந்த மூட்டைய நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

அவர் செல்லம்மாவின் சேலையைப் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். நான் வெட்டிய இடத்தில் தேயிலை துளிர் விட்டிருந்தது; நல்ல வெட்டு, அப்படித்தான் துளிர்க்கும். கூடு நடுவில் திறந்து கிடந்தது.

"அந்த மூட்டைய அண்டைக்கே கழுவிப்போட்டேன்," என்றார். "அது காஞ்சிட்டு. நீங்க போங்க."